ஏழாம் பாவில் செருப்பு இல்லை

9 செப்டம்பர் 2024, திங்கள், திருப்பதி

வேலையில் சேர்ந்து எட்டாவது நாள். இன்று இருபத்திரண்டு பேர் முன்னால் அசடு வழிந்தேன். இருந்தும் ஏன் இவ்வளவு சந்தோஷம்?

ரேணிகுண்டா சாலையில் எழும்பிக்கொண்டிருக்கும் இந்த எட்டு மாடி லாட்ஜுக்கு நான்தான் பாதுகாப்பு மேற்பார்வையாளர். சாரம் கட்டுவது கமலக்கண்ணன் மேஸ்திரியின் ஆட்கள். பாதிப் பேர் நகரியில் பவர்லூம் ஓட்டியவர்கள், மீதிப் பேர் கார்வேட்டிநகரம் பக்கம். காலையில் எல்லோரையும் நிறுத்தி, டிப்ளமோவில் படித்ததை ஒப்பித்தேன். ஸ்டாண்டர்டு, லெட்ஜர், பிரேசிங். நன்றாகத் தலையாட்டினார்கள். முடித்ததும் கமலக்கண்ணன் மேலே பார்த்து ஒரு கத்து கத்தினார்:

"டேய், பாவு நிக்குது, ஊடை போடு! பூணூல் எங்கடா?"

நான் பதறிப்போய், "யாருக்கண்ணா பூணூல்?" என்று கேட்டுவிட்டேன்.

அப்புறம் சிரிப்புதான். கீழே நின்று குழாய் எடுத்துக் கொடுக்கும் பச்சையம்மாள் அக்கா மணல் மேல் உட்கார்ந்தே விட்டார். "அதோ, தோள்லேர்ந்து இடுப்புக்கு சாய்வா போவுது பாரு பாப்பா. அதான் பூணூலு!"

மூலைக்கு மூலை சாய்வாகப் பூட்டும் குழாய். பார்த்தேன். பூணூலேதான்! இனி அதை வேறு எப்படிப் பார்ப்பேன்?

10 செப்டம்பர், செவ்வாய்

நெட்டாக நிற்பது பாவு. அதில் படுக்கையாகப் பூட்டுவது ஊடை. தறியை விட்டு வந்தவர்கள் இரும்பையும் நெய்கிறார்கள். நடக்கிற பலகையின் ஓரத்தில் தடுப்பாக நிறுத்தும் பலகை கரை — சேலைக்குக் கரை போல. இரண்டு நாளில் நாலு வார்த்தை!

14 செப்டம்பர், சனி, சித்தூர்

பஸ்ஸில் வரும்போதே பட்டியலைச் சுத்தமாக எழுதினேன். வீட்டில் சோறு துன்னுக்கினே வாசித்துக் காட்டினேன். பாதுகாப்பு பெல்ட்டுக்குப் பெயர் தாலி. முறுக்கிவிட்டால் அசையாத கிளாம்ப் மாமியார். எந்தப் பக்கம் இழுத்தாலும் திரும்பும் கிளாம்ப் மாப்பிள்ளை. குழாயின் காலடியில் வைக்கும் இரும்புத் தட்டு செருப்பு.

நைனாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. அம்மா மட்டும் சிரிக்காமல், "மாமியாருன்னு பேர் வெச்சவன் யாரு? அவன் வூட்ல விசாரி" என்றார்.

24 செப்டம்பர், செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

பட்டியலை நாகபூஷணம் சாரிடம் காட்டினேன். கட்டுமானத் தளத்துக்கே பாதுகாப்பு மேலாளர் அவர். சாரத்தில் தொங்கும் அட்டையில் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் இவர்கள் சொல்லும் பெயரையும் எழுதலாம் என்று யோசனை சொன்னேன். சார் இரண்டு வரிதான் படித்தார்.

"தாலி, மாமியார்... இது சைட்டா, கல்யாண வூடா? கேலிப் பேச்செல்லாம் எழுத்துல வரக்கூடாதும்மா. இங்கிலீஷ் பேரைக் கத்துக்கச் சொல்லு."

அதோடு விடவில்லை. நவம்பர் பன்னிரண்டாம் தேதி ஹைதராபாத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார். ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேள்வி கேட்பார். போன தளத்தில் ஒரு குழு பதில் சொல்ல முடியாமல் மொத்தமாக வெளியே போயிருக்கிறது.

இவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பெயர் மட்டும்தான் தெரியாது. அதற்காக அனுப்பிவிடுவார்களா?

1 அக்டோபர், செவ்வாய்

குறுக்குக் குழாய்க்கு இங்கிலீஷில் 'டிரான்சம்' என்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். மேஸ்திரியின் ஆள் தமிழ்ச்செல்வன் வாயில் அது 'டிரான்ஸ்பார்மர்' ஆகிவிட்டது.

15 அக்டோபர், செவ்வாய்

மழை. வேலை இல்லை. மலையே தெரியவில்லை.

17 அக்டோபர், வியாழன்

எழுதிவிட வேண்டும், இப்போதே.

மழை விட்டதும் பூச்சு வேலை தொடங்கியது. பின்பக்கச் சாரத்தில், மூன்றாம் நான்காம் அடுக்குகளில் ஒன்பது பேர். நானும் நாகபூஷணம் சாரும் முன்பக்கம் நின்று அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். காலையில் பின்பக்கத்தை நான் பார்த்தேன்தான். அப்போது சரியாகத்தான் இருந்தது. அங்கே ஓடும் வாய்க்காலில் தண்ணீர் அதற்கப்புறம்தான் ஏறியிருக்கிறது.

பதினொன்றேகால் இருக்கும். பின்னாலிருந்து பச்சையம்மாள் அக்காவின் குரல்.

"பாப்பா! ஏழாம் பாவுல செருப்பு பூட்ச்சி! செருப்பு இல்ல பாப்பா!"

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "செருப்பு இல்லையா? செருப்பு போட்டுக்கினு எவன் மேல ஏறினான்? பூட்ஸ் எங்க?" என்று ரெஜிஸ்டரைப் புரட்டினார்.

நான் ஓடினேன். ஓடிக்கொண்டே விசில் ஊதினேன். ஏழாவது பாவின் அடியில் மண் கரைந்து போயிருந்தது. தட்டும் அதன் கீழிருந்த கட்டையும் வாய்க்காலில் கிடந்தன. குழாய் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனை கனமும் பக்கத்து இரண்டு பாவுகள் மேல்.

மேலே இருந்தவர்கள் விசிலைக் கேட்டு ஏணிப் பக்கம் திரும்பினார்கள். அந்த ஏணி ஏழாவது பாவில்தான் கட்டியிருந்தது. ஐயோ, எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது!

"ஏணி வேணாம்! ஏழாம் பாவுல செருப்பு இல்ல! ஜன்னல்ல பூந்து உள்ள போங்க, ஒவ்வொருத்தரா!"

ஒருவர்கூட 'என்ன' என்று கேட்கவில்லை. 'செருப்பு இல்ல' என்றதுமே புரிந்துவிட்டது. தமிழ்ச்செல்வன் கடைசி ஆள். அவன் கால் ஜன்னலுக்குள் போனதும் நான் எண்ணினேன். எட்டா? இல்லை, ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பது.

நாலைந்து நிமிடம் கழித்து அந்தப் பக்கம் ஒரு சாண் இறங்கியது. மூன்று பலகைகள் சடசடவென்று கீழே வந்தன. அங்கே யாரும் இல்லை. யாருமே இல்லை!

சார் பக்கத்தில் நின்றார். ரெஜிஸ்டர் இன்னும் கையில் விரிந்தபடி இருந்தது.

பச்சையம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான். அப்புறம் இரண்டு பேரும் எதற்கென்றே தெரியாமல் சிரித்தோம்.

18 அக்டோபர், வெள்ளி

சார் காலையிலேயே கூப்பிட்டார். மேஜையில் எனக்கும் ஒரு டீ.

"நேத்து நான் பூட்ஸ் தேடிக்கினு இருந்தேன்" என்றார். பிறகு, "அந்த லிஸ்ட் வெச்சிருக்கியா?"

வைத்திருக்கிறேனா! பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பேனாவால் ஒன்றைக்கூட அடிக்கவில்லை. 'மாமியார்' வந்தபோது மட்டும் ஒரு நிமிடம் நின்றார். "பேரு புரியாம யாரும் சாவக்கூடாது இல்ல, எழுதிடு. பக்கத்துல படமும் போடு."

படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கினேன்.

3 நவம்பர், ஞாயிறு

கோயிலுக்குப் போய்விட்டு, சித்தூரிலிருந்து நேரே திருப்பதி பஸ். பதினெட்டுப் படங்கள் வரைந்தாயிற்று. விரலெல்லாம் ஸ்கெட்ச் மை.

12 நவம்பர், செவ்வாய்

வந்தார் ஆய்வாளர். ரேஷ்மா மேடம். நாற்பது வயதிருக்கும், தெலுங்கும் இங்கிலீஷும்தான். முதலில் நின்றது கமலக்கண்ணன் அண்ணன்.

"டோ போர்டு. எதற்கு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை. எனக்கு அங்கேயே உயிர் போயிற்று. சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது விதி. கையைத் தூக்கினேன். அவர்கள் சொல்கிற பெயரில் நான் கேட்கலாமா என்று தெலுங்கில் கேட்டேன். நாகபூஷணம் சார் தொண்டையைச் செருமினார். தடுக்கிறாரோ என்று நினைத்தேன். "மாட்லாடனிவ்வண்டி மேடம்" என்றார் — அவளைப் பேசவிடுங்கள் என்று!

மேடம் அட்டையிலிருந்த என் படத்தைப் பார்த்தார். "பேரு வத்து. பனி சூபிஞ்சமனு." பெயர் வேண்டாம், வேலையைக் காட்டச் சொல்.

"அண்ணா, கரை எதுக்கு?"

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. "கரை இல்லேன்னா மேல கீற ஸ்பானரு காலு பட்டு உருண்டு, கீழ போறவன் மண்டையில உழும். சாண் ஒசரமாவது இருக்கணும். அடியில சந்து இருக்கக்கூடாது. இதோ, விரல் பூறுதா பாருங்க. இது தப்பு, இன்னா வேலைடா பார்த்து வெச்சிக்கிறீங்க!" என்று சொல்லிக்கொண்டே அந்த இடத்திலேயே உட்கார்ந்து பலகையைச் சரிசெய்தார். மேடம் நோட்டில் வேகமாக எழுதினார்.

பச்சையம்மாள் அக்காவிடம் கேட்டது ஒரே கேள்வி: எப்போது ஆளை ஏறவிட மாட்டாய்?

"செருப்பு இல்லாத பாவுல சாமியே ஏறச் சொன்னாலும் யாரையும் வுடமாட்டேன்."

மொழிபெயர்த்தேன். மேடம் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவுக்குக் கை கொடுத்தார்.

13 நவம்பர், புதன்

இருபத்தொரு பேர் தேறிவிட்டார்கள்! தமிழ்ச்செல்வன் மட்டும் இல்லை. பெல்ட்டின் இரண்டாவது கொக்கியை மாட்டுவதற்கு முன்னால் முதல் கொக்கியைக் கழற்றிவிட்டான். மேடம் செய்தது சரிதான். இரண்டு வாரத்தில் மறுபடி பரீட்சை. அதுவரை அவன் தரையில்தான். ஒரே புலம்பல்.

27 நவம்பர், புதன்

தமிழ்ச்செல்வன் தேறினான். மைசூர்பாகு வாங்கி வந்தான். பல்லை உடைக்கிற மாதிரி இருந்தது. மூன்று துன்னேன்.

6 ஜனவரி 2025, திங்கள், பலமனேர்

என்ன குளிர்! ஸ்வெட்டர் மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தேன்.

புதுத் தளம், குளிர்பதனக் கிடங்கு. என்னை மட்டும் தனியாக அனுப்பியிருக்கிறார்கள். பணி நிரந்தரம் என்ற கடிதமும் கையில் இருக்கிறது. ஆட்கள் ஸ்ரீகாகுளம் பக்கத்தவர்கள், பதினைந்து பேர், இவர்களுக்குத் தறியைப் பற்றி ஒன்றும் தெரியாது. காலைக் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தது.

படங்களைப் பையிலிருந்து எடுக்கவில்லை. காலியான நோட்டைத்தான் எடுத்தேன். ஒரு இரும்புத் தட்டைத் தூக்கிக் காட்டி, "நீங்க இதை என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று தெலுங்கில் கேட்டேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் மெதுவாக, "பீட்ட" என்றார். உட்காரும் மணை. இன்னொருவர் உடனே, இல்லை, எங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர் என்றார். பிடித்துக்கொண்டது சண்டை. பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

கூட்டம் முடிய நாற்பது நிமிடம் ஆயிற்று. முதல் குழாயை நிறுத்தும்போது மணி பத்து.