ஐயும் ஜேயும் ஒரே இடமானால்

மியூனிக்,
14.1.2025

அன்புள்ள வாணிக்கு,

நலம்தானே? பதினாறு வருடம் கழித்து எழுதுகிறேன். மின்னஞ்சல் என்றால் பெயரைப் பார்த்ததுமே அழித்துவிடுவாய் என்றுதான் காகிதத்தில்.

நிபந்தனைகளைக் கொடுத்தால் விடை தேடும் சால்வர் இருக்கிறதே, அதை வைத்து ரயில் பிரேக் மென்பொருளைச் சோதிப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. போன வாரம் அது 'பிழையில்லை' என்று சொன்ன ரயில், சோதனை ஓட்டத்தில் நிற்கவில்லை. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. தேடிப் பார்த்தால், தப்பு நம் பழைய கட்டுரையின் வழியில் நான் எழுதிய அர்ரே பகுதியில், அதாவது எண்ணிட்ட இடங்களில் மதிப்புகளை வைத்து எடுக்கும் பகுதியில். ஐ என்ற இடத்தில் எழுதிவிட்டு ஜே என்ற இடத்தில் படித்தால் பழைய மதிப்புதான் வரும் என்று வைத்துவிட்டேன். இரண்டுமே ஐந்தாம் இடமாக இருக்கலாம் அல்லவா?

பசுமலை கல்லூரி லேப்பில் நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது: "பேரு வேறன்னா இடமும் வேறயாடா?" வேகம் குறையும் என்று, அதைச் சரிபார்க்கும் உன் பகுதியை நீக்கினேன். கட்டுரையிலிருந்து உன் பெயரையும். நீ அந்தப் பகுதியை எழுதிவைத்த நோட்டு இருக்கிறதா?

அழகுபாண்டி

மதுரை,
2.2.2025

அன்புள்ள அழகுக்கு,

எல்லோரும் சுகம். நோட்டின் நகல் இத்துடன். இரண்டு இடமும் ஒன்றென்றால் புதிய மதிப்பு, வேறென்றால் பழையது. ஆனால் எல்லா ஜோடிக்கும் முதலிலேயே இதைச் சொல்லாதே; அதுதான் மந்தமாக்கும். சால்வர் ஒரு விடை கொண்டுவரட்டும். அந்த விடை எங்கே விதியை மீறுகிறதோ அங்கே மட்டும் சேர்.

பக்கமெல்லாம் டீக்கறை. கரண்ட் போனால் காளை அண்ணன் டீக்கடைக்கு ஓடுவோமே! உன் ஊருக்குப் போகும் எழுமலை பஸ்ஸை விட்டுவிட்டு, "இம்புட்டுதான் பாக்கி, முடிச்சுட்டுப் போறேன்" என்பாய்.

ஒரு குறை மட்டும். அந்த வருடம் ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்காணலில் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. நான்கு வருடம் உன்மேல் கோபமாக இருந்தேன். அப்புறம் கல்யாணம், மகள், பள்ளிக்கூட வேலை என்று நாள் ஓடிவிட்டது.

வாணி

மியூனிக்,
18.6.2025

அன்புள்ள வாணிக்கு,

உன் வழியில் அதே பிழை மூன்று நிமிடத்தில் பிடிபட்டது. தப்பு என்னுடையது, தீர்வு தமிழ்வாணியுடையது என்று கட்டுரைக்குத் திருத்தம் எழுதினேன், வெளியிட்டுவிட்டார்கள். குழுத் தலைமையிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நியாயம்தான்.

ஆகஸ்டில் ஊருக்கு வாரேன். உன்னைப் பார்க்க வரலாமா?

அழகு

மதுரை,
7.7.2025

அன்புள்ள அழகுக்கு,

திருத்தத்தில் என் பெயரை மகள் சத்தமாக வாசித்தாள். நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். கோபம் எதுவும் மிச்சமில்லை, நம்பு.

ஆராய்ச்சிப் படிப்புக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். ஆகஸ்டில்தான் நேர்காணல். நீ இங்கே இருந்தால் எனக்காக யாரிடமாவது பேசப் போய்விடுவாய். உன்னால் சும்மா இருக்க முடியாது. அதனால் வீட்டுப்பக்கம் வராதே.

எழுமலையில் அம்மாவோடு நாலு நாள் கூடுதலாக இரு. நான் விசாரித்ததாகச் சொல். இந்த ஆகஸ்டை மட்டும் எனக்கு விட்டுவிடு.

தமிழ்வாணி