உன் கண்ணாடி இன்னும் குளிரவில்லை

இன்று காலை குருநகரில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஐஸ் வாடை. மீன்பெட்டிகளுக்குப் போட யாரோ ஐஸ்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மீனும் உப்பும் கலந்த அந்தக் குளிர் மூக்கில் ஏறியதும் நீதான் முன்னால் வந்து நின்றாய். உன் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். கால் வரமாட்டேன் என்றது.

கடைசியாக வெளிநாட்டிலிருந்து வந்தபோது இதே இடத்தில்தான் ஒரு ஐஸ்துண்டை எடுத்து என் கையில் வைத்தாய். "எங்கடை தொலைநோக்கி இதைவிட எவ்வளவோ குளிரவேணும்" என்றாய்.

"ஏனடி, மீனே ஏத்தப் போறியள்?"

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த காலத்திலிருந்தே என் பகிடிக்கு முதலில் சிரிப்பவள் நீ. அன்று சிரிக்கவில்லை. நட்சத்திரங்கள் பிறக்கிற முகில்கள் உறைகுளிரில் கிடக்கின்றன, அவற்றிலிருந்து வருகிற மெல்லிய வெப்பத்தை நம் காற்றிலுள்ள ஈரமே விழுங்கிவிடுகிறது, அதனால்தான் விண்வெளிக்குப் போகவேண்டும் என்றாய். "தொலைநோக்கியின்ரை கண்ணாடி சூடாய் இருந்தா தன்ரை சூட்டைத்தான் தானே பாத்துக்கொண்டிருக்கும்." அந்த முகில்களில் தண்ணீரைத் தேடவேண்டும், நம் பூமிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்ததென்று அறியவேண்டும். உன் ஆசையெல்லாம் அதுதான்.

உன் அம்மாவுக்குக் கண்ணாடி என்றால் மூக்குக்கண்ணாடி. மகள் வானத்துக்குக் கண்ணாடி செய்கிறாள் என்று கோயில் முழுக்கச் சொல்லித் திரிந்தார். நீ செத்துப்போன பிறகும் ஞாயிறுதோறும் அந்தக் கண்ணாடிக்காக மெழுகுதிரி கொளுத்துகிறார்.

அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்களாம். உன்னோடு வேலை செய்தவர் நேற்று அறிவித்தார். அதைச் சொல்லத்தான் போனேன். வழி முழுக்க எனக்கு உன்மேல்தான் ஆத்திரம். உன் உயிரைக் கொண்டுபோன வருத்தத்தைக் கடைசிவரை எல்லோருக்கும் ஒளித்தாய். இப்போது இதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய்.

அம்மா வாசலிலேயே கேட்டார். "பிள்ளை, மகளின்ரை கண்ணாடி மேலை போயிட்டுதே?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இன்னும் இல்லையம்மா. அது நல்லாய்க் குளிரவேணுமாம்."

"ஓம், குளிரட்டும். ஆறுதலாய்ப் போகட்டும். நான் இருக்கிறன்தானே."

தேத்தண்ணீரை ஆற்றி என் கையில் தந்தார். குடித்தேன். அடுத்த முறையும் கேட்பார். அவர் இருக்கும்வரை உன் கண்ணாடியை நான்தானடி குளிரவைத்துக்கொண்டிருக்க வேண்டும்.