உமரியின் பூ

கொல்கத்தா
12.8.2005

அன்புள்ள அம்மாவுக்கு ஜான்சி எழுதுவது. உன் பாத வெடிப்பு ஆறியதா? ஆறும்வரை உப்பளத்தில் இறங்காதே என்றால் கேட்கமாட்டாய், தெரியும்.

இங்கே தாளில் ஒட்டிவைத்த காய்ந்த செடிகளோடுதான் என் வேலை. எந்தக் குடும்பத்துச் செடி என்று பூவைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். உப்பு நிலத்தில் எல்லாச் செடிக்கும் இலை ஒரே மாதிரி தடித்திருக்கும், அதை நம்ப முடியாது. உப்பள வரப்புச் செடியைக் காட்டி "உமரி எங்கடி பூக்குது?" என்பாயே, பூக்கிறதம்மா. லென்ஸில் பார்த்தேன். வண்ண இதழே கிடையாது. குண்டூசித் தலை அளவில் ஐந்து பச்சை மடல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மகரந்தத் தாள். அதனால் அது முளைக்கீரைக்குச் சொந்தமாம்.

ஒன்று சொல்கிறேன், பயப்படாதே. போன வாரம் உமரி இலை ஒன்றை வாயில் போட்டுக் கடித்துவிட்டேன், வரப்பில் நீ கடித்துப் பார்ப்பாயே, அப்படி. பூச்சி அரிக்காமலிருக்க, தாளில் ஒட்டிய செடிகளுக்கு விஷம் தடவியிருப்பார்கள். மறந்துபோனேன். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். இப்போது சோறு இறங்குகிறது.

பூவோடு ஓர் உமரிக் கிளையைப் பேப்பரில் மடித்து அனுப்பு. கூடவே ஒரு பிடி கல்லுப்பு. இங்கே எல்லாம் தூள் உப்புதான்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். ஏன் கடித்தாய் என்று எங்கள் ஆபீஸ் சார் கேட்டார். என்ன செடி என்று தெரிந்துகொள்ள என்றேன். செடியின் பெயர் தாளிலேயே இருந்தது, அம்மா. அதற்குக் கீழே, பறித்த இடம் நம் மரக்காணம் என்றும் எழுதியிருந்தது.

உன் ஜான்சி