பின்கதவு, மாலை ஐந்து மணி

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பட்டன் பொட்டலத்துக்குள் பத்திரமாக வந்து சேர்ந்தது. பட்டன் கடை அத்தை, அப்பா பக்கத்தில் நிற்கும்போதே அதை என் கையில் கொடுத்து, "பன்னெண்டு டஜன் இருக்கு, வீட்ல போய் எண்ணிப் பாரு" என்றார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. நாடகத்தில் நடிக்க வேண்டியவர், பாவம், பட்டன் விற்கிறார். நான்தான் வீடு வந்து சேரும்வரை பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். காலடிச் சத்தம் கேட்டால் குழாயைத் திறந்துவிடுவேன். என் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, நீ வந்து இந்த வாளிமேல் உட்கார்ந்து எழுதிப் பார்.

நானூறு பேர் விண்ணப்பித்துப் பன்னிரண்டு பேர், அதில் நீ ஒருத்தி! படித்ததும் கத்த முடியாமல் துண்டைக் கடித்துக்கொண்டேன். அதுவும் ஆடைக் கண்காட்சி நம் ஊரிலேயே, பழைய சரக்குக் கிடங்கில். பள்ளிக்கூட பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. வெள்ளையடித்து, பெரிய பெரிய விளக்குகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

நீ கேட்டதற்குப் பதில்: வருகிறேன். தொடக்க நாளன்று மாலை ஐந்து மணிக்கு, கிடங்கின் பின்கதவில் நிற்பேன். நீ சொன்னபடி பிறப்புச் சான்றிதழை மட்டும் பையில் வைத்துக்கொள்வேன். மாற்றுத் துணி வேண்டாம் என்றாயே, ஒரு தையற்காரி பேசுகிற பேச்சா இது?

அப்பா உன் தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துவிட்டார். "கடைசிப் பரீட்சை முடிஞ்ச மறுநாள் இதுல உக்காரணும்" என்றார். அம்மா "சரிங்க" என்றாள். எனக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா தெரியவில்லை.

சீக்கிரம் எழுது. 

உன் தங்கை

*

ஏப்ரல் 4

என் குண்டூசிக்கு,

கணக்குப் பரீட்சை எப்படி எழுதினாய்? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. அப்படியென்றால் சொதப்பிவிட்டாய் என்று அர்த்தம். பரவாயில்லை. இங்கே ஒரு பள்ளியில் பேசிவிட்டேன், பதினோராம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். தலைமையாசிரியை கேட்டது ஒரே கேள்வி: "பொண்ணு வாயாடுவாளா?" இல்லை என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

கண்காட்சியில் ஆடை வடிவமைக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு புகைப்படக்காரரையும் ஓர் இசைக்கலைஞரையும் கூட்டுச் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். எல்லோரும் புதியவர்கள். என் புகைப்படக்காரி சிரித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். டிரம்ஸ் அடிக்கிற பெண்ணுக்குக் கை சும்மாவே இருக்காது, என் சாப்பாட்டு டப்பாமீது அடித்து அடித்து மூடி நெளிந்துவிட்டது. மொத்தம் ஆறு உடைகள். கடைசி உடை ஒரு நீலக் கோட்டு. அதை மூன்று தடவை வெட்டி மூன்று தடவை தூக்கிப் போட்டேன். நாலாவதுதான் கோட்டு மாதிரி இருக்கிறது.

பயப்படாதே. உடைக்குள் தைக்கிற பெயர்ப்பட்டையிலும் அழைப்பிதழிலும் இருப்பது வேறு பெயர். இப்போது என்னை எல்லோரும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். நம் வீட்டுக்குத் தெரிந்த பெயரில் அங்கே யாரும் இல்லை.

ஐந்து மணிக்கு நீ வெளியே வந்தால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 9

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இன்று கண்காட்சி ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "மாஸ்டர், தொடக்க நாளோட சேத்து மூணு நாள் வேலை. உடுத்திக்கிட்டு நடக்கிற பொண்ணுங்களுக்கு அளவு சரிபண்ணித் தரணும். ஊர்ல உங்களை விட்டா யாரு?" என்றார்.

"கத்துக்குட்டிங்க வெட்டிக் கெடுத்ததை நான் உக்காந்து சரிபண்ணணுமா?" என்று அப்பா சிரித்தார். ஆனால் ஒப்புக்கொண்டார். என்னைப் பார்த்து, "நீயும் வா. ஊசி எடுத்துக் குடுக்க ஆள் வேணும்" என்றார்.

உன் உடைகள் அவர் மேஜைக்கு வரும் அக்கா. பஸ்ஸில் முன்னால் நிற்கிறவர் சட்டையைப் பார்த்தே எந்தக் கடையில் தைத்தது என்று சொல்கிறவர் அவர். உடையின் கையை ஏற்றவோ இறக்கவோ வேண்டுமென்றால் உள்பக்கம் தைத்த உள்துணியைப் பிரிப்பார். உள்ளே வெட்டுக்குறி இருக்குமே. துண்டுகள் பொருந்துவதற்காக ஓரத்தில் போடுகிற அந்தச் சின்ன வெட்டு. கையின் பின்பக்க ஓரத்தில் நீ ஒன்று நேராக, ஒன்று சாய்வாகப் போடுவாய். அப்பாவும் அப்படித்தான்.

உடைகளை அனுப்பாதே. அல்லது நீ வராதே. நீ போன அன்று அவர் சொன்னதை உனக்கு நான் முழுதாக எழுதவில்லை. "அவ ரெண்டு கையையும் இந்த மேஜை மேல வெச்சுட்டு அப்புறம் பேசறேன்" என்றார். சொல்லும்போது பெரிய கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குரல் உயரவே இல்லை. உனக்குத்தான் தெரியுமே, அவர் எதையும் இரண்டு தடவை மெதுவாகத்தான் கேட்பார். மூன்றாவது தடவை கேட்கிற வரைக்கும் யாரும் விட்டுவைத்ததில்லை, நீ ஒருத்தியைத் தவிர.

தங்கை

*

ஏப்ரல் 13

குண்டூசி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. பிறகு கோபம் வந்தது, உன்மேல் இல்லை. மூன்று வருடமாக மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில் இருந்துகொண்டு, பகலில் மற்றவர்களுக்குத் தைத்து, மிச்ச நேரத்தில் எனக்காக வெட்டினேன். அவர் ஊசியோடு அங்கே உட்கார்ந்திருப்பார் என்பதற்காக அதைச் சுருட்டி வைக்க வேண்டுமா? வெயில் காலத்திலும் நான் முழுக்கைதான் போடுகிறேன். இஸ்திரிப்பெட்டித் தழும்பை இங்கே யாரும் பார்த்ததில்லை. அது போதாதா அவருக்கு?

தையல் முறையை மாற்றிவிட்டேன். நூலின் தடிமன்கூட வேறு. வெட்டுக்குறி பற்றி எழுதியிருக்கிறாய். அசடே, வெட்டுகிறவர்கள் எல்லோரும் பின்பக்கக் கைக்கு அப்படித்தான் போடுவார்கள். ஒன்று நேர், ஒன்று சாய்வு. அது தொழிலில் உள்ளது. நாம் சின்ன வயதிலிருந்து பார்த்ததில்லையா?

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. நீ அன்று கிடங்குக்கு உள்ளேயே இருப்பாய். தொடக்க நேரத்தில் தையற்காரர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அவர் வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு முட்டி போட்டிருக்கும்போது நீ எழுந்து பின்கதவுக்கு வந்துவிடு. ஐம்பது அடி தூரம்கூட இருக்காது.

நான் அன்று மதியம்தான் வருகிறேன். உடைகளைப் புகைப்படக்காரி முன்னாலேயே கொண்டுவருகிறாள்.

என்னை நம்பு.

அக்கா

*

ஏப்ரல் 25, இரவு

அக்கா,

நாளை காலை பட்டன் கடை அத்தை கிடங்குக்கு உதிரிப் பட்டன்கள் கொண்டுபோகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுவேன். நீ வந்து இறங்கியதும் உனக்குக் கிடைக்க வேண்டும். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்: பின்கதவுக்கு வராதே. அவருக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன்.

நேற்றும் இன்றும் அளவு சரிபார்க்கும் அறையில் இருந்தோம். எட்டு மேஜைகள். சுவருக்கு அந்தப் பக்கம் உன் டிரம்ஸ் பெண் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள், மேஜையில் இருந்த ஊசிகள் தாளத்துக்கு நடுங்கின. இன்று நாலு மணிக்கு நீலக் கோட்டு வந்தது. கை ஒரு விரலளவு கூடுதல் நீளம். அப்பா உள்துணியைப் பிரித்தார். பிரித்த இடத்தில் கட்டைவிரலை வைத்து, அப்படியே நிறுத்தினார்.

பக்கத்து மேஜையில் கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு வயதானவர். அவரிடம், "அண்ணே, பின்பக்கக் கைக்கு நீங்க எப்படிக் குறி போடுவீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு வெட்டு. நேரா. வேற எப்படி?"

"ஒண்ணைச் சாய்ச்சுப் போடுறது உண்டா?"

"அது என்ன கிறுக்குத்தனம்? நாப்பது வருஷத்துல உங்க வெட்டுல மட்டும்தான் அதைப் பாத்திருக்கேன் மாஸ்டர். உங்க சட்டையைப் பிரிச்சா துணிக்கே கழுத்து சுளுக்கிக்கிட்ட மாதிரி இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அது தொழிலில் உள்ளது இல்லை அக்கா. அது அப்பாவிடம் மட்டும் உள்ளது. நாம் வேறு யார் வெட்டியும் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து உன் புகைப்படக்காரி உள்ளே வந்தாள். "மாஸ்டர், அப்படியே இருங்க! அசையாதீங்க. கை மட்டும்தான் எடுக்கறேன்." அவர் கோட்டைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். பிறகு கையை மடித்துத் தைத்துக் கொடுத்தார். அவ்வளவு நேர்த்தியாக அவர் தைத்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டார்: "எத்தனை மணிக்கு வர்றா?"

"யாருப்பா?" என்றேன்.

பத்தடி நடந்தார். "எத்தனை மணிக்கு வர்றா?"

சொல்லிவிட்டேன். ஐந்து மணி, பின்கதவு என்று என் வாயே சொன்னது. அவர் கையை ஓங்கவில்லை. மிரட்டவும் இல்லை. என் தலையைத் தடவி, "நல்ல பொண்ணு" என்றார்.

அதற்குப் பதில் அடி வாங்கியிருக்கலாம்.

நாளை ஐந்து மணிக்கு வேலையைப் போட்டுவிட்டு வந்து என்னையும் கதவருகில் நிற்க வைக்கப் போகிறார். நீ வராதே. முன்வாசல் வழியாகப் போய்விடு.

தங்கை

*

ஏப்ரல் 27

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று மதியம் இரண்டு மணிக்குக் கிடைத்தது. நீ காப்பாற்றிவிட்டாய். இதை முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். இனி எழுதப்போவது உனக்குப் பிடிக்காது.

நான் முன்வாசல் வழியாகப் போகவில்லை. மாடியில் விளக்குகளை இயக்குகிற அறை இருக்கிறது. அதன் ஜன்னல் பின்முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும். நாலரை மணியிலிருந்து அங்கே நின்றேன். உன்னைப் பார்த்தேன். பச்சைப் பாவாடை. நீ இவ்வளவு உயரமாகிவிட்டது எனக்குத் தெரியாது. அவர் சலவைச் சட்டை போட்டிருந்தார், உன் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்பாவும் மகளும் யாரையோ வரவேற்க நிற்பதுபோல்தான் தெரியும்.

கீழே இரண்டு காவலர்கள் இருந்தார்கள். புகைப்படக்காரி என் பக்கத்திலேயே நின்று, "ஏன்டி வெளுத்துப்போயிருக்கே?" என்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நாலு பேர் என்னோடு இறங்கி வந்திருப்பார்கள். அவர் ஒற்றை ஆள். எனக்கு இருபத்திரண்டு வயது. சொல்லவில்லை. படியில் முதல் காலை வைத்தேன், தழும்பு இருக்கிற கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அவ்வளவுதான், அதற்குமேல் இறங்க முடியவில்லை.

கீழே டிரம்ஸ் ஆரம்பித்தது. நீலக் கோட்டுக்குக் கைதட்டினார்கள். கேட்டுக்கொண்டே ஜன்னலில் நின்றேன். உடைகள் பிடித்துப்போய் இரண்டு வெளியூர் ஜவுளிக் கடைக்காரர்கள் என்னைத் தேடியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர் கைகளின் படத்தை ஆளுயரத்துக்கு அச்சிட்டு நுழைவாயிலில் மாட்டியிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே அவர் பெயர் இல்லை. அதன் முன்னால் ஓர் அம்மாள் நின்று, "எவ்வளவு பொறுமையான கை, பாருங்க" என்றார். நான் அவரைத் தாண்டிப் போனேன்.

என்னைத் தைரியசாலி என்று நீ நினைத்தாய். நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜூனில் மறுபடியும் வருகிறேன். ஒரு வக்கீல் அம்மாவிடம் பேசுகிறேன், தனியாக வர மாட்டேன். எந்த நாள், எந்த இடம் என்று நீயே எழுது. உடனே பதில் போடு. திட்டியாவது எழுது.

அக்கா

*

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திட்டவில்லை. நான் ஒரு வார்த்தையைச் சொன்னேன், நீ ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில்தானே வளர்ந்தோம்.

அன்று விளக்குகளை அணைக்கும்வரை கதவருகிலேயே நின்றோம். அவர் யாரிடமும் கோபப்படவில்லை. காவலரிடம் நேரம்கூடக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டுவிட்டு, "எந்த ஊர்ல இருக்கா?" என்றார். இரண்டாவது தடவையும் கேட்டார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். மூன்றாவது தடவை கேட்டார்.

என் இடது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. எழுதுவது வலது கை என்பதால் எழுத்தில் வித்தியாசம் தெரியாது. அம்மா விளக்கடியில் உட்காரவைத்துக் கட்டுப் போட்டாள். "அவர்கிட்ட எதிர்த்துப் பேசாதேன்னு சொன்னேன்ல" என்றாள். நான் பேசவே இல்லை என்பதுதான் விஷயம்.

ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டேன் அக்கா. தெருப்பெயர் பட்டன் கடை அத்தைக்கு மட்டும்தான் தெரியும், அதனால் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். இதை நான் உன்னிடம் மறைக்கக் கூடாது. கடிதம் எப்படி வருகிறது என்று அவர் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் அத்தையின் பெயரும் வந்துவிடும்.

அதனால் இன்று அத்தையிடம் கடைசியாகப் பேசினேன். இனி உன்னிடமிருந்து எது வந்தாலும் எனக்குக் கொடுக்காமல் கிழித்துவிடச் சொன்னேன். இந்தக் கடிதத்தை மட்டும் அவர் கடைக்கதவின் கீழே தள்ளிவிடுவேன், உனக்கு அனுப்பிவிடுவார். அவர் பட்டன் தட்டைத் தட்டிக்கொட்டிவிட்டுக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். நானும் குனிந்து பொறுக்கினேன். "உனக்கு என்ன வயசுடி?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டார். பதினாறு என்றேன்.

நீ அந்த ஊரில் இருக்காதே. கடைக்காரர்கள் தேடுகிறார்கள் என்றாயே, அவர்களோடு வேறு ஊருக்குப் போ. எங்கே என்று அத்தைக்கும் சொல்லாதே. ஜூனில் வருவதைப் பற்றி என்னிடம் எந்த நாளையும் எந்த இடத்தையும் கேட்காதே. எனக்குத் தெரிவது எல்லாம் அவருக்கும் தெரிந்துவிடும்.

வருவதாக இருந்தால் சொல்லாமல் வா. நான் எங்கேயும் போயிருக்க மாட்டேன்.

தங்கை