தலையைக் கையில் ஏந்தியவர் ஊர் மாப்பிள்ளை

20 ஜூன் 1993, ஞாயிறு

தரகர் ஜம்புலிங்கம் வந்திருந்தார். என் பெண் சாமுண்டீஸ்வரிக்கு வரன். புதுச்சேரிப் பையன், பெயர் ஆனந்தன். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவராம், அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. பையனுக்குப் பாரிசை ஒட்டிய சாந்தெனி என்ற ஊரில் கார் கம்பெனி வேலை. லீவில் வந்திருக்கிறான். ஆடி பிறப்பதற்குள் நிச்சயம், ஆவணியில் கல்யாணம். சீர் எதுவும் வேண்டாமாம்.

இதுதான் இடிக்கிறது. சீர் கேட்காத மாப்பிள்ளை வீடு எங்கே இருக்கிறது? ஏன் இவ்வளவு அவசரம்? பிரான்சில் பெண்ணே இல்லையா, மண்ணூர்பேட்டைக்குத்தான் வர வேண்டுமா?

"இன்னா அண்ணாத்தே, தங்கத்தைக் கொண்டாந்தா பித்தளையான்னு தேய்ச்சிப் பாக்கறியே" என்றார் ஜம்புலிங்கம். தேய்க்காமல் எப்படித் தெரியும்? அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. அளவு தப்பிய பீஸ் என் மச்சான் லேத்தில் கடைந்ததாக இருந்தாலும் திரும்பித்தான் போகும்.

22 ஜூன்

என் வீட்டுக்காரி பொன்னம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இவள் வாயை என்ன செய்வது. பாரிவாக்கத்தில் ஒரு பெண்ணை துபாய் மாப்பிள்ளை என்று சொல்லிக் கட்டிவைத்தார்கள். அவன் துபாயைக் கண்ணால் கண்டதில்லை, பெல்லாரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கதையைச் சொன்னால், "உன் வாயில நல்லதே வராதா" என்கிறாள். இருப்பது ஒரே பெண். கடல் தாண்டிப் போய் ஏமாந்தால் யார் போய்க் கூட்டிவருவது?

27 ஜூன், ஞாயிறு

யோசனை ஒன்று வந்தது. அவன் அங்கே இருப்பது நிஜமானால் அந்த ஊரைப் பற்றித் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் புளுகன். நான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டுமே — அம்பத்தூர் நூலகத்துக்குப் போனேன். பிரான்சின் சரித்திரம், கனமான புத்தகம். மத்தியானச் சாப்பாட்டை மறந்து படித்தேன்.

சாந்தெனி என்பது ஒரு சாமியாரின் பெயராம். பாரிசில் குன்றின்மேல் வைத்து அவர் தலையை வெட்டினார்களாம். அவர் குனிந்து தலையை எடுத்துக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தே போனாராம். போய்ச் சேர்ந்த இடத்தில் கோயில் எழுந்தது. நம் ஊரில் ஒருவன் இப்படிச் சொன்னால் ரீல் விடுகிறான் என்போம். பிரெஞ்சு ராஜாக்களையெல்லாம் அந்தக் கோயிலில்தான் புதைத்திருக்கிறார்கள். புரட்சி வந்தபோது ஜனங்கள் கல்லறைகளைத் தோண்டி எலும்பை எடுத்துக் குழியில் கொட்டினார்களாம். செத்தவனையும் விடாத ஜனம். அதோடு விட்டார்களா? பாரிஸ் மாதா கோயில் வாசலில் பைபிளில் வரும் ராஜாக்களின் சிலைகள். அவர்களைப் பிரெஞ்சு ராஜாக்கள் என்று நினைத்து அத்தனை தலையையும் சீவியிருக்கிறார்கள். யார் என்ன என்று விசாரிக்க அங்கே ஒருத்தனும் இல்லையா?

இவர்கள் நடுவிலா என் பெண் குடித்தனம் செய்வது?

4 ஜூலை, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். ஒல்லியான பையன், கண்ணுக்குக் கீழே கருப்பு. பஜ்ஜியை ஆசையாகத் தின்றான். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்: "சாந்தெனியில ராஜாக்கள் கல்லறையெல்லாம் பாத்திருப்பீங்களே?"

முழித்தான். "எங்க மாமா?" என்றான்.

எங்கேயா? உன் ஊரில், ஐயா. ஐஃபல் கோபுரத்தில் ஏறியிருக்கிறீர்களா என்றேன். இல்லையாம், ரயிலில் போகும்போது தூரத்தில் தெரியுமாம். மாதா கோயில்? உள்ளே போனதில்லையாம். சாமியார் தலையோடு நடந்த கதையைச் சொன்னேன். "அப்படியா மாமா" என்று வாயைப் பிளந்து கேட்டான். மண்ணூர்பேட்டைக்காரன் நான் சொல்லி அவன் தெரிந்துகொள்கிறான்.

ஜம்புலிங்கம் முகத்தில் ஈ ஆடவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. பிடித்துவிட்டேன்.

5 ஜூலை

சாமு என்னோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டதாம், பொன்னம்மாள் சொல்கிறாள். ஒரு தட்டு பஜ்ஜி கொடுத்த நேரத்தில் என்னத்தைக் கண்டாள்?

10 ஜூலை, சனி

லீவு போட்டுப் புதுச்சேரி போனேன். வீட்டில் சொல்லவில்லை. ஆனந்தன் தெருவில் மளிகைக் கடைக்காரர், சைக்கிள் கடைக்காரர், இஸ்திரி போடுகிறவர் என்று எல்லாரிடமும் விசாரித்தேன். நல்ல பையன், நல்ல குடும்பம் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. சொல்லிவைத்தது போல் இருக்கிறது. இல்லை, சொல்லியேதான் வைத்திருப்பார்கள்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் பூங்காவில் ஆயி மண்டபத்தைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று நின்றது. ஆயி என்கிற தாசியின் வீட்டைக் கோயில் என்று நினைத்து ஒரு ராஜா கும்பிட்டாராம். தாசி வீடு என்று தெரிந்ததும் அவமானம், வீட்டை இடி என்றாராம். அவளே இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாளாம். வெகு காலம் கழித்து அந்தக் கதையைக் கேட்ட பிரெஞ்சுச் சக்கரவர்த்தி அவள் பேரில் மண்டபம் கட்டச் சொன்னாராம். விசாரித்துவிட்டுக் கும்பிட்டிருந்தால் ராஜாவுக்கு அந்த அவமானம் உண்டா? நான் செய்வது சரி.

11 ஜூலை, ஞாயிறு

ஜம்புலிங்கம் காலையிலேயே ஆனந்தனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "இப்போ கேளு அண்ணாத்தே, இன்னா வேணாலும் கேளு."

கேட்டேன். கொட்டினான் பாருங்கள். சாமியார், குன்று, ராஜாக்கள், கல்லறை, தலை போன சிலைகள் — எல்லாம் மடமடவென்று. போன வாரம் ஒன்றும் தெரியாதவன் இந்த வாரம் வாத்தியார் ஆகிவிட்டான். இப்போ இன்னா சொல்றே என்று கேட்பது போல் ஜம்புலிங்கம் சிரிக்கிறார். "யாரு சொல்லிக்குடுத்தது?" என்றேன்.

பையன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"இவருதான் மாமா. புக்கு வாங்கிக் குடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னாரு. நான் எதையும் பாத்ததில்ல. எனக்கு ராத்திரி ஷிப்டு. பகல்ல தூங்குவேன். நீங்க சொல்ற கோயில் பக்கத்துல சந்தை கூடும். கடை கட்டற நேரத்துல போனா கோழி மலிவு. வாங்கிட்டு வந்து ஒரு வாரத்துக்குக் குழம்பு வெச்சிடுவேன். சாந்தெனியில எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். கோபுரமெல்லாம் தனியா போய்ப் பாக்க மனசு வரல மாமா. கல்யாணம் ஆனா ரெண்டு பேருமாப் போலாம்னு இருந்தேன்."

பொய் சொல்ல வந்தவன் முதல் நாளே படித்துக்கொண்டு வந்திருப்பான். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? திருப்பி அனுப்ப ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்கவில்லையே என்று கோபம் கோபமாக வந்தது.

அவர்கள் போன பிறகு சாமு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நைனா, உனுக்கு அவரு மேல சந்தேகமா, இல்ல என்னை அனுப்ப மனசு வரலயா? நெசத்தைச் சொல்லு."

எழுந்து வெளியே போய்விட்டேன். தொழிற்பேட்டைச் சாலையில் கால் போன போக்கில் நடந்தேன்.

12 ஜூலை

சரி என்று சொல்லிவிட்டேன். பொன்னம்மாள் அழுகிறாள். சந்தோஷமாம்.

29 ஆகஸ்ட்

கல்யாணம் முடிந்தது. சாப்பாட்டில் குறையில்லை. கூட்டுதான் கொஞ்சம் உப்பு.

20 பிப்ரவரி 1994

விசா வந்து சாமு கிளம்பிவிட்டாள். மீனம்பாக்கத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனதும் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்த்தாள்.

13 மார்ச், ஞாயிறு

தெருமுனை டெலிபோன் பூத்துக்கு சாமு போன் செய்தாள். பொன்னம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள். ஆள் அனுப்பியும், அவள் வருவதற்குள் லைன் போய்விட்டது.

குளிர் என்றாள். பனி கொட்டியதாம். "பகல்ல அவரு தூங்குவாரு நைனா. நான் சத்தம் போடாம ஜன்னலாண்ட உக்காந்துகினு இருப்பேன்."

"நல்லா பாத்துக்கறாரா?"

"தங்கமா பாத்துக்கறாரு."

"நல்லா கீறியா நீ?"

"நல்லா கீறேன் நைனா."

குரல் அடைத்திருந்தது. "அழுவுறியா?" என்றேன்.

"இல்ல நைனா. சளி."

மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் குடி என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. பொன்னம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்து, குழந்தை எப்படி இருக்கிறாள் என்றாள். நல்லா இருக்கிறாள், கொஞ்சம் சளி, அவ்வளவுதான் என்றேன்.