கோணல் வால்

பிரிஞ்சாங், மலேசியா, 9.3.1975

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கப்பலேறியபோது விட்டுப்போன பூனை சௌக்கியம். நேற்று அதன் கோணல் வால் என் தகரக் கோப்பையின் பிடியில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டது. கோப்பை கடகடக்க எஸ்டேட் லயத்து வீட்டு வரிசை முழுக்க ஓடியது.

கோணல் வால் பூனை உண்டென்றால் அங்கே ஒருவரும் நம்பவில்லை என்று தஞ்சாவூரிலிருந்து எழுதியிருந்தாயே, அதிலிருந்து எனக்கு அதன்மேல் பொறாமை. இந்த மண்ணில் பிறந்ததற்கு அது இந்த ஊர்ப் பூனைகளுக்கே உரிய அந்த வாலைக் காட்டினால் போதும். நமக்குத்தான் பிறப்புப் பத்திரம் இல்லாமல் போயிற்று.

இன்று எனக்கு நீல ஐசி அடையாள அட்டை வந்துவிட்டது அக்கா! நானும் குடிமகள். இனி வேலை பெர்மிட் இல்லையென்று உன்னைப்போல் என்னை யாரும் கப்பலேற்ற முடியாது. மருத்துவச்சி மணியம்மா போன மாதம் பதிவு ஆபீசுக்கு வந்து சொன்ன சாட்சிதான் பலித்தது. "இந்தப் புள்ள இந்த லயத்துலதான் பொறந்துச்சு, நான்தான் லா கையில ஏந்துனேன்" என்று ஆபீசரையே அதட்டினாள்.

அவளிடம் அட்டையைக் காட்டப் போனேன். தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஒங்க அக்காளையும் நான்தானே ஏந்துனேன். அப்ப ஏன் யாரும் என்னயக் கூப்புடல?"

உன் பாயை நான் இன்னும் சுருட்டவில்லை. பூனை அதில்தான் நான்கு குட்டி போட்டிருக்கிறது. நான்கும் கோணல் வால்.

உன் தங்கை