ராசியான மூன்று ஏழு

மாப்ள,

இன்று காலை கணினியில் ‘பெர்மிஷன் டினைடு’ என்று வந்து நின்றதும், வழக்கம்போல உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பழக்கம் மட்டும் போகவில்லை.

நம் லாரி லோடு புக்கிங் வெப்சைட்டைப் புது சர்வருக்கு மாற்றியிருந்தேன். அப்போதிருந்து, சரக்கு இறக்கியதும் டிரைவர்கள் அனுப்பும் ரசீதுப் படம் எதுவும் ஏறவில்லை. ரசீது ஏறினால்தான் அடுத்த லோடு என்பது நீ போட்ட சட்டம். சங்ககிரி பைபாஸில் நின்றபடி ஒரு டிரைவர் போன் செய்தார்.

“ஏனுங்க, போட்டோ ஏற மாட்டேங்குதுங்க. லோடு இன்னொருத்தருக்குப் போயிருமுங்க. ஊட்டுக்கு வெறும் வண்டியாப் போறதுங்களா?”

ஃபோல்டரின் அனுமதி எண்ணை 777 என்று அடித்தால் உடனே வேலை முடிந்திருக்கும். விரல் ஏழின்மேல் போனதும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

ஆரம்பித்த புதிதில் இதே கோளாறு வந்ததே, நினைவிருக்கிறதா? 777 கொடுத்தால் சரியாகும் என்று எங்கோ படித்துவிட்டு நீ குதித்த குதி! “எங்கப்பன் மொத லாரி நம்பரே அதுதான்டா. இந்த நம்பருக்கு ஊர்ல எத்தன பேரு அலையறான், இவன் சும்மா குடுக்கறான்!” எல்லா ஃபோல்டருக்கும் போட்டாய். சர்வருக்குச் சந்தனம், குங்குமம் வைக்காத குறைதான். அடுத்த வாரம் தளத்தைத் திறந்தால், லாரிப் படம் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம். அதே வாடகை சர்வரில் இருந்த எவனோ உள்ளே வந்து எழுதிவிட்டுப் போயிருந்தான்.

சொல்லித்தர ஆளில்லாமல் இருவரும் முட்டி மோதித்தான் புரிந்துகொண்டோம். முதல் இலக்கம் உரிமையாளருக்கு, அடுத்தது அவர் குழுவுக்கு, கடைசி மற்ற எல்லோருக்கும். படிக்க நான்கு, எழுத இரண்டு, ஃபோல்டருக்குள் நுழைய ஒன்று; கூட்டினால் ஏழு. நீ மேசையைத் தட்டினாய். “அட, ஓனரு, கிளீனரு, ரோட்ல போறவன், மூணு பேருத்துக்கும் சாவியக் குடுத்துட்டமாடா!” அன்றே 755க்கு மாற்றினோம். எழுதும் உரிமை ஓனருக்கு மட்டும்.

அதனால் இன்று ஏழை விட்டுவிட்டு, ஓனர் யார் என்று பட்டியலைப் பார்த்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிக்கு வரி வெறும் ஓர் எண். பிடிபட்டுவிட்டது! பழைய சர்வரில் தளம் ஓடியது உன் கணக்கில். நீதான் இல்லையே என்று புது சர்வரில் உன் கணக்கை நான் திறக்கவே இல்லை; தளத்தை என் கணக்கில் ஓடவிட்டிருந்தேன். ஃபோல்டர்கள் இன்னும் உன் கணக்கு எண்ணைத்தான் ஓனர் என்று சொல்லிக்கொண்டிருந்தன. அது யாரென்று சர்வருக்குத்தான் தெரியவில்லை.

எல்லாவற்றையும் என் பெயருக்கு மாற்ற ஒரே கட்டளை போதும். தட்டியும் விட்டேன். என்டர் அடிக்க மனம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அதை அழித்துவிட்டு, அதே எண்ணில் உன் பெயரில் கணக்கைத் திறந்தேன். வெளியாள் நுழையாதபடி பாஸ்வேர்டைப் பூட்டினேன். தளத்தை அந்தக் கணக்கில் ஓடவிட்டுப் பட்டியலை மறுபடி பார்த்தால், மேலிருந்து கீழ்வரை உன் பெயர், மாப்ள! அலறியே விட்டேன்.

போன் அடித்தது. “ஏறிருச்சுங்க! லோடும் கெடச்சிருச்சுங்க. என்னங்க பண்ணுனீங்க?”

“ஓனரு வந்துட்டாருங்க” என்றேன்.